சாட்டம் கவுன்டியில் மனை வாங்கும் முன்: செப்டிக் பெர்மிட், டேங்க் வேலை, பராமரிப்பு

புதுமனை_ராலே

வணக்கம். வட கரோலினாவில், சாட்டம் கவுன்டியின் கிழக்குப் பக்கம் மான்க்யூர் அருகே 2.3 ஏக்கர் மனை ஒன்று பார்த்திருக்கிறோம். ஊர்ச் சாக்கடை இணைப்பு கிடையாது. கிணறும் செப்டிக்கும் (கழிவுநீரைத் தொட்டியில் தேக்கி மண்ணுக்குள் விடும் அமைப்பு) நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். கட்ட நினைப்பது 4 பெட்ரூம் வீடு. அப்பா அம்மா வருஷத்தில் பாதி நாள் எங்களோடு இருப்பார்கள்.

விளம்பரத்தில் "3 பெட்ரூமுக்கு பெர்க் ஆன மனை" (அதாவது செப்டிக்குக்கு மண் தேறிய மனை) என்று போட்டிருக்கிறார்கள். காகிதம் கேட்டால் ரியல்டர் கவுன்டியைக் கைகாட்டுகிறார். பக்கத்து மனையில் டிரிப் சிஸ்டம் (கழிவுநீரைச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் விடும் முறை) போட்டிருக்கிறார்களாம். விலை சுற்றுவட்டாரத்தைவிடக் குறைவு, அதுதான் உறுத்துகிறது.

வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? பில்டர் வேலை செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்? நம் வீட்டுச் சமையலுக்கும் புழக்கத்துக்கும் செப்டிக் தாங்குமா?

---

மண்ணைப்பார்

விலை குறைவுக்குக் காரணம் அநேகமாக மண்தான். சாட்டம் கவுன்டி முழுக்க ஒரே மண் இல்லை. மேற்கே சைலர் சிட்டிப் பக்கம் ஸ்லேட் பெல்ட் (பலகைக்கல் பாறைப் பட்டை). கிழக்கே மான்க்யூர், ஜோர்டன் ஏரி, அதைத் தாண்டி வேக் கவுன்டியின் நியூ ஹில் வரை டிரையாசிக் படுகை (பழங்கால வண்டல் பாறைப் பள்ளம்). செப்டிக் பெர்மிட் கிடைக்காமல் காலியாகக் கிடக்கிற மனைகளுக்குப் பேர்போன இடம் இந்தப் படுகை.

களிமண் என்றாலே ஆகாது என்று ஒதுக்கவும் வேண்டாம். பீட்மான்ட்டில் (மாநிலத்தின் நடுப்பகுதி) பரவலாகக் கிடக்கும் செக்கச்செவேல் செசில் மண்ணும் களிமண்தான். ஆனால் அதில் இருப்பது கயோலினைட், ஈரம் பட்டால் பெரிதாக உப்பாது. உடைத்தால் சின்னச் சின்னக் கட்டியாகப் பிரியும், அந்தக் கட்டிகளுக்கு இடையே உள்ள சந்து வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். டிரையாசிக் பகுதியின் ஒயிட் ஸ்டோர் மண் அப்படியில்லை. வெயிலில் வெடித்துக் கிடக்கும், நனைந்ததும் உப்பி எல்லாச் சந்துகளையும் அடைத்துவிடும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கழிவுநீர் போக வழியே இருக்காது.

முதல் வேலையாக, அமெரிக்க விவசாயத் துறையின் வெப் சாயில் சர்வே தளத்தில் மனையின் எல்லையை வரைந்து பாருங்கள். இலவசம். ஒயிட் ஸ்டோர், கிரீட்மோர் என்று வந்தால் உஷாராகுங்கள். மேயோடன் என்று வந்தால், அதே படுகையாக இருந்தாலும் நம்பிக்கை வைக்கலாம். ஆனால் அந்த வரைபடம் பெரிய பரப்புக்குப் போட்டது. ஒரு மனைக்குள்ளேயே மேட்டில் ஒரு மண்ணும் சரிவில் வேறு மண்ணும் இருக்கும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

"பெர்க்" என்பது வாய்வழக்குதான். குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி மணி பார்க்கிற சோதனையை வைத்து வட கரோலினாவில் பெர்மிட் தருவதில்லை. கை ஆகரால் (மண்ணைத் துளைக்கும் கருவி) பல இடங்களில் 48 இன்ச் வரை துளைத்தோ, பேக்ஹோவால் குழி வெட்டியோ மண்ணை அடுக்கு அடுக்காகப் பார்ப்பார்கள். நெல்லிக்காய் அளவு மண்ணை எடுத்து, நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பட்டையாகத் தள்ளுவார்கள். இரண்டு இன்ச்சுக்கு மேல் அறுபடாமல் நீண்டால் களி மிகுதி. விரலைப் பிரிக்கும்போது மண் நூலாக இழுத்துக்கொண்டு வந்தால் கெட்ட சேதி. லேசான ஈரமுள்ள கட்டியை விரலால் நசுக்க முடிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

இன்னொரு முக்கியமான அடையாளம் நிறம். சிவப்பு, மஞ்சள் மண்ணுக்குள் சாம்பல் திட்டுகள் தொடங்கினால், வருஷத்தில் சில மாதம் அந்த மட்டம் வரை தண்ணீர் நிற்கிறது என்று பொருள். ஆகஸ்ட்டில் எலும்பாகக் காய்ந்து கிடந்தாலும் அந்தத் திட்டு பொய் சொல்லாது. டிரெஞ்சின் (கழிவுநீரை மண்ணுக்குள் விடும் நீள்குழி) அடிக்கும் அந்த மட்டத்துக்கும் நடுவே குறைந்தது 12 இன்ச் நல்ல மண் வேண்டும், மணற்பாங்கான மண்ணென்றால் 18. அதாவது டிரெஞ்சின் ஆழத்தையும் சேர்த்து 30 இன்ச் நல்ல மண் இருந்தால் வழக்கமான டிரெஞ்ச் போடலாம். 24 அளவில்தான் இருக்கிறது என்றால் ஆழத்தைக் குறைத்து மேலே மண் கொட்டிப் போட வேண்டிவரும். அதற்கும் கீழே போனால் டிரிப், லோ பிரஷர் பைப், முன்சுத்திகரிப்பு என்று பம்பும் கன்ட்ரோல் பேனலுமாக வரும். செலவு இரண்டு மூன்று மடங்காவது ஏறும். கட்டி முடித்த பிறகும் சான்றிதழ் பெற்ற ஆபரேட்டரோடு வருஷா வருஷம் ஒப்பந்தம் வைத்திருக்க வேண்டும்.

பக்கத்து மனையில் டிரிப் போட்டிருக்கிறார்கள் என்றால் யாரும் ஆசைப்பட்டுப் போட்டதாக இருக்காது.

---

கிணத்துத்தண்ணி

காகித விஷயத்தை நான் சொல்லிவிடுகிறேன். கவுன்டியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் மனையின் பார்சல் எண்ணைக் கொடுத்து இம்ப்ரூவ்மென்ட் பெர்மிட் (இந்த மனையில் செப்டிக் போடலாம் என்று கவுன்டி தரும் அனுமதி) இருக்கிறதா என்று கேளுங்கள். "பெர்க் ஆச்சு" என்பதற்கு அந்தக் காகிதம் மட்டும்தான் சாட்சி. சர்வே பிளாட்டோடு (சர்வேயர் அளந்து வரைந்த மனைப்படம்) வாங்கியிருந்தால் அதற்குக் காலாவதி கிடையாது. வெறும் சைட் பிளானோடு வாங்கியிருந்தால் 5 வருஷம். ஆனால் எந்த வகையாக இருந்தாலும், குறித்த இடத்தில் யாராவது மரம் வெட்டி மண்ணைப் புரட்டியிருந்தாலோ, பாதை போட்டிருந்தாலோ பெர்மிட்டை ரத்து செய்துவிடலாம். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் போய் அந்த இடத்தில் நடந்து பாருங்கள்.

அதன் பிறகு கட்டுமான அனுமதி, அதாவது கன்ஸ்ட்ரக்ஷன் ஆத்தரைசேஷன். இது இல்லாமல் பில்டிங் பெர்மிட் வராது. எல்லாம் புதைத்து முடிக்கும் முன் ஆய்வு, அதில் தேறினால் ஆப்பரேஷன் பெர்மிட். இது கைக்கு வராமல் குடிபோக முடியாது.

கவுன்டி ஆள் வரும் வரை காத்திருக்க நேரமில்லை என்றால் உரிமம் பெற்ற சாயில் சயின்டிஸ்ட் மூலம் தனியார் வழியும் இருக்கிறது. அவர் தன் பொறுப்பில் வடிவமைத்துக் கையெழுத்துப் போடுவார், கவுன்டி காகிதத்தைச் சரிபார்க்கும். செலவு கூடும்.

பணத்தில் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இந்த மாநிலத்தில் டியூ டிலிஜென்ஸ் ஃபீ (வாங்கும் முன் சோதித்துப் பார்க்கும் கெடுவுக்கான தொகை) என்று விற்பவர் கையில் கொடுப்பது திரும்பி வராது. எனவே அதைச் சின்னத் தொகையாக வைத்து, கெடுவை நீட்டி வாங்குங்கள். சாயில் சயின்டிஸ்ட் எந்த வாரம் வர முடியும் என்று கேட்டுவிட்டு, அதற்கேற்ப கெடுவை எழுதுங்கள். ஆள் பார்க்காமல் 21 நாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தேடக் கிளம்பினால் நாள்தான் போகும்.

தூரக் கணக்கும் இப்போதே போடுங்கள். கழிவுநீர் வயல் (டிரெஞ்சுகள் இருக்கும் நிலம்) கிணற்றிலிருந்து 100 அடி தள்ளி இருக்க வேண்டும், மனை எல்லையிலிருந்து 10 அடி, ஓடையிலிருந்து 50 அடி, வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 5 அடி. பேஸ்மென்ட் வைத்தால் 5 அடி 15 ஆகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் கிணறும் கணக்கில் வரும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போதாததற்கு முதல் வயல் கெட்டுப்போனால் போட, அதே அளவில் மாற்று இடமும் இப்போதே ஒதுக்கிக் காட்ட வேண்டும். 2.3 ஏக்கர் கேட்கப் பெரிதாக இருக்கும். இதையெல்லாம் கழித்தால் வீட்டுக்கு மிஞ்சுவது சில சமயம் ஒரே ஒரு மூலைதான்.

---

புதுமனை_ராலே

மிக்க நன்றி இருவருக்கும். கவுன்டியிலிருந்து பழைய இம்ப்ரூவ்மென்ட் பெர்மிட் நகல் வந்துவிட்டது. பிளாட்டோடு உள்ளது. 3 பெட்ரூம், 360 கேலன், மண்ணின் ஏற்புத்திறன் 0.275 என்று போட்டிருக்கிறது. வழக்கமான டிரெஞ்ச்தான், டிரிப் இல்லை. இதை 4 பெட்ரூம் ஆக்க முடியுமா? இல்லை, 3 பெட்ரூம் என்றே வாங்கி, நாலாவது அறையை "ஆபீஸ் ரூம்" என்று காட்டினால் போதும் என்கிறார் ரியல்டர்.

---

மண்ணைப்பார்

0.275 (ஒரு சதுர அடி மண் ஒரு நாளைக்கு ஏற்கும் கேலன்) என்றால் இந்தப் பகுதிக்குப் பரவாயில்லாத மண். நல்ல துண்டில் துளை போட்டிருக்கிறார்கள்.

கணக்கு இப்படி. ஒரு பெட்ரூமுக்கு ஒரு நாளைக்கு 120 கேலன் என்பது விதி. 360 கேலனை 0.275 ஆல் வகுத்தால் 1,309 சதுர அடி டிரெஞ்ச் அடிப்பரப்பு. டிரெஞ்ச் அகலம் 3 அடி, ஆக 436 அடி நீளம். ஜல்லிக்குப் பதில் பிளாஸ்டிக் சேம்பர் (அடி திறந்த வளைவுக் கூடு) போட்டால் 25 சதவீதம் குறைத்துக்கொள்ளலாம், 327 அடி. நாலு பெட்ரூம் என்றால் 480 கேலன், 1,745 சதுர அடி, 582 அடி. சேம்பர் சலுகை போக 436 அடி. ஆக இன்னும் 109 அடி டிரெஞ்சுக்கு இடம் வேண்டும், மாற்று வயலிலும் அதே 109 அடி. ஒரு டிரெஞ்சின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 9 அடி விட வேண்டும் என்பதால் 100 அடி நீளத்தில் ஒன்று கூடினால் ஏறக்குறைய 900 சதுர அடி நிலம் போகும். பெர்மிட்டின் படத்தில் குறித்த வயலுக்குப் பக்கத்திலேயே, அதே மட்டத்தில், நல்ல மண் தொடர்கிறதா என்று சாயில் சயின்டிஸ்ட் சொல்ல வேண்டும். தொடர்ந்தால் கிடைக்கும்.

"ஆபீஸ் ரூம்" யோசனையை விட்டுவிடுங்கள். பில்டிங் பிளானில் கதவும் அலமாரியும் ஜன்னலும் வைத்த அறையைக் கவுன்டி பெட்ரூம் என்றே எண்ணும். விற்கும்போது பெர்மிட்டில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் விளம்பரம் செய்யவும் கூடாது. அதைவிடப் பெரிய விஷயம், 120 கேலன் என்பது அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கு. இரண்டுக்கு மேல் போனால் ஆளுக்கு 60 கேலன் என்று எண்ணுவார்கள். அப்பா அம்மா, பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர் புழங்கப் போகிற வீட்டில், தண்ணீர் காகிதத்தைப் பார்த்து ஓடாது.

---

பைப்பு_பாண்டி

இன்ஸ்டலேஷன் பத்தி நான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

பில்டர் வர்றதுக்கு முன்னாடியே வயலுக்கும் மாற்று வயலுக்கும் சுத்தி ஆரஞ்சு வலை கட்டிருங்க. இந்தப் பக்கம் கெட்டுப்போற வயல்ல பாதி, டேங்க் இறங்குறதுக்கு முன்னாடியே கெட்டது. கான்கிரீட் லாரி திரும்ப இடம் வேணும்னு அது மேல ஏத்துவான், பலகைக் கட்டை அடுக்குவான், அஸ்திவாரத்துல எடுத்த மண்ணை அங்க கொட்டிச் சமப்படுத்துவான். டோசர் மேல்மண்ணை ஆறு இன்ச் வழிச்சு எடுத்தா போச்சு, பெர்மிட்ல உள்ள ஆழக்கணக்கு எல்லாம் மாறிரும்.

டேங்க். 4 பெட்ரூமுக்கு 1,000 கேலன்தான் குறைந்தபட்சம். உங்க ஆள் எண்ணிக்கைக்கு 1,250 போடுங்க. விலை வித்தியாசம் பெருசில்ல, கசடு தங்க இடம் கிடைக்கும். ப்ரீகாஸ்ட் கான்கிரீட், ரெண்டு அறை. லாரில வந்ததும் அவுட்லெட் பக்கச் சுவத்தைப் பாருங்க, கம்பெனி பேர், கொள்ளளவு, வார்த்த தேதி, எஸ்.டி.பி.ன்னு தொடங்குற அனுமதி எண் அச்சுல பதிஞ்சிருக்கணும். இல்லைன்னா இறக்க விடாதீங்க. 1,000 கேலனே 4 டன்னைத் தொடும், அதனால பூம் லாரி குழி ஓரம் வரைக்கும் வர வழி வேணும். அந்த வழி வயல் மேல போகக்கூடாது.

குழி அடியில ஜல்லி பரப்பி ரெண்டு வாக்குலயும் லெவல் பாக்கணும். டேங்க் ரெண்டு துண்டா வரும், நடு இணைப்புல பியூட்டைல் ரப்பர் பட்டை ஓட்டணும். அது ஈரமில்லாம, மண் ஒட்டாம இருக்கணும், துடைக்காம ஒட்டினா அங்கதான் ஒழுகும். பைப் நுழையிற இடத்துல ரப்பர் பூட்டும் ஸ்டெயின்லெஸ் கிளாம்பும். சிமென்ட் வச்சுப் பூசுறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, டேங்க் கொஞ்சம் அமர்ந்தாலும் பூச்சு விரிசல் விடும். டிரையாசிக் களில மழைக்காலத்துல குழிக்குள்ள தண்ணி நிக்கும். ஒழுகுற டேங்க்னா வெளித்தண்ணி உள்ள வந்து வயலை மூழ்கடிக்கும். காலி டேங்க்கை அந்தத் தண்ணி தூக்கிரும், அதனால வச்சதும் தண்ணி நிரப்பி வைங்க. நிரப்பி ஒரு நாள் விட்டு மட்டம் இறங்குதான்னு பாத்தா ஒழுகல் சோதனையும் முடிஞ்சிரும்.

வீட்டுலருந்து டேங்க்குக்கு 4 இன்ச் ஷெட்யூல் 40 பிவிசி. அடிக்கு எட்டுல ஒரு இன்ச் வாட்டம் குறைந்தபட்சம், கால் இன்ச் இருந்தா நல்லது. வீட்டை விட்டு வெளிய வந்ததும் ஒரு கிளீன்அவுட் (அடைப்பு எடுக்குற வாய்) வைங்க. டேங்க் குழியை மூடுன மண் அமரும், அது மேல பைப் தொங்குனா நடுவுல வயிறு விழும். ரெண்டு வருஷம் கழிச்சு அடைப்பு வர்றது அந்த வயித்துலதான். பைப்புக்கு அடியில ஜல்லி தட்டி இறுக்கணும், சும்மா மண்ணைத் தள்ளி மூடக்கூடாது.

ரெண்டு அறைக்கும் ரைசர் வச்சு மூடியைத் தரைமட்டத்துக்கு ஏத்திருங்க. மூடிய ஸ்குரூ போட்டு இறுக்குங்க, கூடவே உள்ள ஒரு பாதுகாப்பு வலையும் போடச் சொல்லுங்க. குழந்தைங்க இருக்கிற வீடு. இதுல மிச்சம் பிடிக்காதீங்க.

டிரெஞ்ச். இதுலதான் ஆளோட தரம் தெரியும். டிரெஞ்ச் சரிவுக்குக் குறுக்கா, நிலத்தோட மட்டக்கோட்டை ஒட்டி வளைஞ்சு போகணும். நேராப் போகணும்னு கட்டாயம் இல்ல. அடி மட்டம் 10 அடிக்குக் கால் இன்ச்சுக்கு மேல சாயக்கூடாது, லேசர் லெவல் இல்லாம வர்ற ஆளை வச்சுக்காதீங்க. சாஞ்சா தண்ணி ஒரே முனையில போய்த் தேங்கும், மிச்ச 80 அடியும் சும்மா கிடக்கும். சரிவு நிலத்துல மேல் டிரெஞ்ச் நிறைஞ்சதும் அடுத்ததுக்கு வழியிற மாதிரி ஸ்டெப்-டவுன் வைப்பாங்க. அந்த இடத்துல ரெண்டு அடி தோண்டாத மண் அணை மாதிரி நிக்கணும். மெஷின்ல வெட்டிட்டுத் திரும்ப நிரப்புன மண் அணை ஆகாது, தண்ணி அதைச் சுத்தி ஓடிரும்.

எல்லாத்தையும்விட முக்கியம், மண் ஈரமா இருந்தா வெட்டக்கூடாது. ஈரக் களியில பக்கெட் பல் உரசினா சுவரும் அடியும் மெழுகினாப்ல ஆகிரும், தண்ணி இறங்குற சந்து எல்லாம் மூடிரும். புது வயல் முதல் குளிர்காலத்துலயே நின்னுபோறதுக்கு இதுதான் காரணம். அன்னிக்கு வெட்டப் போற ஆழத்துலருந்து கொஞ்சம் மண்ணை எடுத்து உள்ளங்கைல உருட்டுங்க. கயிறாத் திரிஞ்சா வேலையை நிறுத்துங்க, பொடிஞ்சா வெட்டுங்க. கான்ட்ராக்டர் முறைப்பார், பரவால்ல. வெட்டுன சுவத்தை இரும்பு ரேக்கால கீறி விடச் சொல்லுங்க.

சேம்பர் நாலு நாலு அடித் துண்டா வரும், 436 அடிக்கு 109 துண்டு. எண்ணிப் பாருங்க, குறைச்சுப் போடுற ஆளும் உண்டு. ஒவ்வொரு வரிசை கடைசியிலயும் மேல வரைக்கும் ஒரு ஆய்வுக்குழாய் வைங்க. விதியில கேட்டாலும் கேக்காட்டியும் வைங்க, பிறகு வயலுக்குள்ள தண்ணி நிக்குதான்னு ஒரு குச்சிய விட்டுப் பாத்துக்கலாம்.

மூடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. வீட்டு மூலை ரெண்டுலருந்து டேங்க் மூடிக்கும் ஒவ்வொரு டிரெஞ்ச் முனைக்கும் டேப் பிடிச்சு அளவு எழுதி வச்சுக்கோங்க.

---

புதுமனை_ராலே

பாண்டி அண்ணா, இவ்வளவு விவரம் எங்கேயும் கிடைக்கவில்லை. இனி வீட்டுக்குள். அம்மா தினமும் சமைப்பார், வாரம் இருமுறை கிரைண்டரில் மாவு அரைப்பார். சிங்க்கில் கார்பேஜ் டிஸ்போசல் வைக்க பில்டர் கேட்கிறார். வயலுக்கு மேல் கத்தரி, வெண்டை, முருங்கை வைக்கலாமா என்று அப்பா கேட்கிறார். கடையில் விற்கிற பாக்டீரியா பொடி போட வேண்டுமா?

---

அடுப்பங்கரை_அறிவியல்

டிஸ்போசல் வேண்டாம். அரைத்துத் தள்ளினாலும் அது டேங்க்கில் போய் உட்காரத்தான் போகிறது, கசடு வேகமாக ஏறும். சிங்க்கில் மெல்லிய வலைக் கூடை போதும். கறிவேப்பிலை, தாளித்த கடுகு, புளிச்சக்கை, தேங்காய்ச் சக்கை எல்லாம் அதில் நிற்கட்டும், தோட்டத்து உரக்குழிக்குப் போகட்டும்.

எண்ணெய்தான் பெரிய எதிரி. அப்பளம், வடை சுட்ட எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள். குழம்புச் சட்டியை முதலில் பேப்பர் டவலால் வழித்துத் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். வெந்நீரும் சோப்பும் விட்டால் எண்ணெய் கரைந்து போய்விடும் என்று நினைக்கிறோம். டேங்க்கில் ஆறியதும் மேலே ஏடாகத் திரளும், அல்லது திரளாமல் டேங்க்கின் வெளிவழியில் உள்ள எஃப்ளுவென்ட் ஃபில்டர் வரை போய் அடைக்கும். மாவுக் கிரைண்டர் கழுவிய முதல் தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் இரண்டையும் செடிக்கு ஊற்றுங்கள். மாவுச்சத்து டேங்க்கில் சரியாகப் படியாமல் வயல் வரை போகும், அங்கே டிரெஞ்ச் அடியில் படியும் கறுப்பு நுண்ணுயிர்ப் படலத்துக்குத் தீனி அதுதான். அந்தப் படலம் ஓரளவு இருப்பது இயல்பு, தடித்தால் தண்ணீர் இறங்காது.

பொடி எதுவும் வேண்டாம். தேவையான பாக்டீரியா தினமும் இலவசமாக வருகிறது. சில ரசாயனங்கள் கசடைக் கிளறி வயலுக்கே தள்ளிவிடும். குளோராக்ஸ் போட்டுப் பாத்ரூம் கழுவுகிற வழக்கமான அளவில் கெடுதல் இல்லை. "ஃப்ளஷபிள்" என்று அச்சடித்த ஈரத்துணி மட்டும் கழிப்பறைக்குள் போகவே கூடாது. நம் வீட்டில் ஹெல்த் ஃபாசெட் இருந்தால் அந்தப் பிரச்சினை பாதி தீர்ந்தது.

கசடை எடுப்பதில் 3 முதல் 5 வருஷம் என்பது பொதுக்கணக்கு. உங்கள் ஆள் எண்ணிக்கைக்கு முதல் முறை 3 வருஷத்தில் திறந்து அளக்கச் சொல்லுங்கள். கசடின் மேல்மட்டம் வெளிவழியிலிருந்து 12 இன்ச்சுக்குள் வந்துவிட்டாலோ, மிதக்கும் ஏட்டின் அடி 6 இன்ச்சுக்குள் இறங்கிவிட்டாலோ, எடுக்க வேண்டிய நேரம். இரண்டு அறையையும் பெரிய மூடி வழியாக எடுக்க வேண்டும். சின்ன ஆய்வுக்குழாய் வழியாகக் குழாய் விட்டு உறிஞ்சிவிட்டுப் போகிறவர் மேல்தண்ணீரை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகிறார்.

எஃப்ளுவென்ட் ஃபில்டரை வருஷம் ஒருமுறை நீங்களே கழுவலாம். கையுறை போட்டு, கைப்பிடியைப் பிடித்து மெதுவாக மேலே இழுத்து, முதல் அறையின் மூடிக்குள்ளேயே ஹோஸால் அடித்துக் கழுவி, திரும்ப அதன் இடத்தில் முழுதாக உட்கார வைத்து அமுக்குங்கள். புல்வெளியில் கழுவாதீர்கள். டேங்க்குக்குள் தலையை விடவோ இறங்கவோ கூடாது. உள்ளே உள்ள வாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும், இறங்கினவரைத் தூக்கப் போகிறவரும் அங்கேயே விழுவார்.

காய்கறி விஷயத்தில் அப்பாவுக்கு ஏமாற்றம்தான். வயலுக்கு மேல் புல் மட்டும். மண்ணைக் கொத்தினால் சேம்பர் மேலே இருக்கிற ஆறேழு இன்ச் மூடுமண் போய்விடும், பாத்தி உயர்த்தினால் காற்று போகாது, நீர் பாய்ச்சினால் வயலுக்கு இரட்டைச் சுமை, கிருமிப் பயம் வேறு. தோட்டத்தைக் கிணற்றுப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். முருங்கை எப்படியும் இந்தக் குளிரில் தரையில் தாங்காது, தொட்டிதான்.

---

பைப்பு_பாண்டி

ஒண்ணு சேக்குறேன். வயலைக் கொல்றது பெரும்பாலும் கழிவு இல்ல, தண்ணி. கழிப்பறைத் தொட்டிக்குள்ள ஃப்ளாப்பர் ரப்பர் தேஞ்சு சத்தமில்லாம ஒழுகினா ஒரு நாளைக்கு 200 கேலன் போகும். உங்க 480 கேலன் கணக்குல அது எவ்வளவுன்னு பாருங்க. மூணு மாசத்துக்கு ஒருமுறை தொட்டில உணவுச் சாயம் நாலு சொட்டு விட்டு, ஃப்ளஷ் பண்ணாம அரை மணி கழிச்சுப் பாருங்க. கோப்பைல நிறம் வந்தா ரப்பரை மாத்துங்க, அஞ்சு பத்து டாலர் சமாச்சாரம். ஏசி கன்டன்சேட் தண்ணி, பேஸ்மென்ட் சம்ப் தண்ணி ரெண்டையும் செப்டிக்ல சேக்க விடாதீங்க. கூரைத் தண்ணி இறங்குற குழாய் வயல் பக்கம் பாக்கக்கூடாது. துணி துவைக்கிறதை ஞாயித்துக்கிழமை ஆறு லோடுன்னு போடாம வாரம் முழுக்கப் பிரிச்சுப் போடுங்க.

கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்க: கீழ்மாடிக் கழிப்பறை களக் களக்னு சத்தம் போட்டா முதல்ல டேங்க் வெளியறை மூடியத் திறங்க. தண்ணி வெளிக்குழாய் அடிமட்டத்துல சரியா நின்னா, அடைப்பு வீட்டுக்கும் டேங்க்குக்கும் நடுவுல. மேல ஏறி நின்னா ஃபில்டரைக் கழுவுங்க. கழுவுனதும் சர்ருன்னு இறங்கினா வேலை முடிஞ்சுது. இறங்கலைன்னா வயல் நிரம்பியிருக்கு, உறுதி பண்ண ஆய்வுக்குழாய்ல குச்சி விடுங்க. டேங்க்கை உறிஞ்சும்போது வயல்லருந்து தண்ணி திரும்ப ஓடி வந்தாலும் அதே அர்த்தம். மட்டம் வெளிக்குழாய்க்குக் கீழ இறங்கியிருந்தா சந்தோஷப்படாதீங்க, டேங்க் ஒழுகுது.

---

கிணத்துத்தண்ணி

வயல் வீட்டைவிட மேட்டில் அமைந்து பம்ப் டேங்க் வந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை. பம்புக்கும் அலாரத்துக்கும் தனித்தனி சர்க்யூட் வேண்டும். ஒரே பிரேக்கரில் இருந்தால் பம்பால் பிரேக்கர் விழும்போது அலாரமும் சேர்ந்து ஊமையாகிவிடும். கரன்ட் போனால் கிணற்று மோட்டாரும் நின்றுவிடும், அதனால் டேங்க் நிரம்பாது, கவலை இல்லை. ஆனால் புயல் சமயத்துக்கென்று ஜெனரேட்டர் வாங்கிக் கிணற்றுக்கும் ஃபிரிட்ஜுக்கும் மட்டும் இணைத்துவிட்டு செப்டிக் பம்பை விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், வெளியேற வழி இருக்காது. எலக்ட்ரீஷியன் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் (ஜெனரேட்டருக்கு மாற்றும் ஸ்விட்ச்) போடும் அன்றைக்கே பம்ப் சர்க்யூட்டையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.